சிடி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

"சிடியே எடுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க."

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி பக்கம் தீராத மூச்சிரைப்பைப் பற்றிய பேச்சு பல நேரம் இந்த ஒரு வரியில் முடிந்துபோகிறது. ஸ்கேனுக்கு மேல் அப்பீல் கிடையாது. கும்பகோணத்திலோ சிதம்பரத்திலோ எடுத்த படம் பெரிய உறைக்குள் பத்திரமாக பீரோ மேல் ஏறிவிடும். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற அம்மாவுக்கு மட்டும் எதுவும் மாறியிருக்காது.

இதே நம்பிக்கைக்கு எதிர்முகம் ஒன்றும் உண்டு. அறிக்கையின் அடியில் 'நுரையீரல் தமனி 31 மில்லிமீட்டர், பல்மனரி ஹைப்பர்டென்ஷன் இருக்கலாம்' என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்த 'இருக்கலாம்' வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'இருக்கு' ஆகிவிடுகிறது. நோயே உறுதியானது போல மாத்திரைப் பேச்சு தொடங்கிவிடும். இல்லை என்று சொல்பவரும் இருக்கிறது என்று சொல்பவரும் நிற்பது ஒரே தரையில்தான்: நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தத்தை சிடி சொல்லிவிடும் என்ற தரையில்.

சிடியை நம்பும் தரப்பின் வாதத்தை நியாயமாகவே எடுத்து வைக்கலாம். நெஞ்சு சிடி சில நொடிகளில் முடிகிறது. வலி இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனைகள் வரை கருவி வந்துவிட்டது. அழுத்தம் கூடும்போது நுரையீரல் தமனி அகலும், இதயத்தின் வலது கீழறை பெருக்கும். இரண்டையும் சிடியில் அளக்க முடியும். மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்களில் நுரையீரல் தமனி மகாதமனியைவிட அகலமாக இருந்தால், நோய் கடுமையாக முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு கூடுதல் என்று 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இப்போது கணினி நிரல்களே இந்த அளவுகளை எடுத்துத் தருகின்றன. பிறகு எதற்கு நரம்பு வழியாக இதயத்துக்குள் குழாய் விடுவது, ஏழை எளியவரை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அலைய விடுவது என்று கேட்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். அதற்குத் தரப்படும் பதில்தான் தவறு.

1. நோய் என்பது அழுத்தம். சிடி காட்டுவது அகலம்.

பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதாவது நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும் நோயின் வரையறையிலேயே ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நோய். 1973-ல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய முதல் கூட்டத்தின் காலத்திலிருந்து 25 என்று இருந்த எல்லை, 2018-ல் நீஸ் நகரில் கூடிய மாநாட்டில் 20-ஆகக் குறைக்கப்பட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 14 அளவில் இருக்கும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த பிரஷர் 120/80 என்று கச்சிதமாக இருக்கும்போதே நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அணைக்கரையில் நிற்கிற எவரும் கொள்ளிடத்தின் அகலத்தைப் பார்த்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லமாட்டார். மாசியில் மணல் தெரியக் கிடக்கும்போதும் ஐப்பசி வெள்ளத்திலும் கரைக்குக் கரை அதே தூரம்தான். கீழணையில் அதற்கென்று அளவுகோல் இருக்கிறது, கன அடிக் கணக்கு இருக்கிறது. நுரையீரல் தமனிக்கு அந்த அளவுகோல், வலது இதயத்துக்குள் செலுத்தும் கதீட்டர் குழாய். 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கை நரம்பு வழியாகத் தனக்கே அதைச் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அந்த வழியை முறைப்படி வளர்த்த குர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அழுத்தத்தை நேரடியாக அளக்க இன்றும் அதுதான் வழி.

2. தமனி அகன்றிருந்தாலே நோயா?

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் ஆயிரக்கணக்கானோரின் சிடிகளை அளந்து, ஆரோக்கியமானவர்களில் தொண்ணூறு சதவீதத்தினர் எந்த அளவுக்குள் அடங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். ஆண்களுக்கு 29 மி.மீ., பெண்களுக்கு 27 மி.மீ. என்று வந்தது. 2012-ல் வெளியான முடிவு இது. இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லைக்கோட்டைப் போட்ட விதத்திலேயே, நோயில்லாத பத்துப் பேரில் ஒருவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூச்சிரைக்கிறது என்று வருகிற ஆயிரம் பேருக்கு சிடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே இந்த நோய் இருக்கிறது. சிடி அதில் 40 பேரைப் பிடித்துவிடுகிறது. தாராளமான மதிப்பெண்தான். மீதி 950 பேரில் பத்தில் ஒருவர் என்றால் 95 பேருக்குத் தமனி 'பெரிது' என்று எழுதப்படும். ஆக, சிடி கைகாட்டியவர்கள் 135 பேர். அவர்களில் 95 பேருக்கு நோய் இல்லை. நோயுள்ள பத்துப் பேரோ 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கையோடு பஸ் ஏறியிருப்பார்கள்.

"ஆய்வுகளில் சிடி பிரமாதமாகச் செயல்பட்டிருக்கிறதே" என்பார்கள். எந்த ஆய்வில், யாரிடம் என்று பார்க்க வேண்டும். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1998-ம் ஆண்டு ஆய்வில், 29 மி.மீ. அகலமும் நுரையீரல் கிளைத் தமனிகளின் வீக்கமும் சேர்ந்திருந்தால் நோய் நிச்சயம் என்கிற அளவுக்கு முடிவு வந்தது. அதில் இருந்தவர்கள் மொத்தம் 45 பேர். அவர்களில் 36 பேர் நோயாளிகள். நோயில்லாதவர்கள் வெறும் ஒன்பது பேர். ஒன்பது பேரிடம் தவறவில்லை என்பதை வைத்து ஒரு மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

3. நுரையீரலே கெட்டிருந்தால் அகலமும் பொய் சொல்லும்.

நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில் அழுத்தம் ஏறாமலே தமனி அகன்றுபோவது உண்டு. முற்றிய நிலையில் இருந்த இத்தகைய நோயாளிகளை 2007-ல் ஓர் அமெரிக்கக் குழு ஆராய்ந்தது. சிடியில் தெரியும் எதுவும், தமனியின் அகலம் உட்பட, அவர்களில் யாருக்கு அழுத்தம் கூடியிருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. சிடி எடுக்கும் காரணமே நுரையீரல் நோயாக இருக்கும்போது, அந்த நோயே அளவுகோலை வளைத்துவிடுகிறது.

முந்திரிக் காட்டு விறகிலும் பருத்திமாரிலும் முப்பது நாற்பது வருடம் அடுப்பூதிய பெண்கள் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர்! பீடியைத் தொட்டே பார்க்காமல் மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கு ஆளாகிறவர்கள் இவர்கள். கேஸ் சிலிண்டர் வந்தபிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் புகை அடுப்பு பல வீடுகளில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சிடி எடுக்கப் போவதும் அதிகம் இவர்கள்தான். அந்த அளவைத் தனியாக நம்பக் கூடாதவர்களும் இவர்களே.

4. நம் பக்கத்து நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

இந்த மறுப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். பல்மனரி ஹைப்பர்டென்ஷன் ஒற்றை நோய் இல்லை. மருத்துவம் அதை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: நுரையீரல் தமனியிலேயே தொடங்குவது, இதயத்தின் இடது பக்கக் கோளாறால் வருவது, நுரையீரல் நோயால் வருவது, பழைய ரத்தக்கட்டிகள் கரையாமல் அடைத்துக்கொள்வதால் வருவது, இவற்றில் சேராத பிற. கேரளத்தில் 50 மருத்துவமனைகள் சேர்ந்து 'புரோ-கேரளா' என்ற பதிவேட்டை நடத்தின. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இதயநோய் மருத்துவர் எஸ். ஹரிகிருஷ்ணன் முன்னின்று நடத்திய இதன் முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. பதிவான 2,003 நோயாளிகளில் ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்குக் காரணம் இடது பக்க இதய நோய்.

இடது பக்க இதய நோய் என்றால் நம் ஊர்களில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டைப் புண், பிறகு மூட்டுவலி, காய்ச்சல். மருந்து வாங்கித் தின்று ஆறிப்போனதாக நினைத்திருப்பார்கள். அது மைட்ரல் வால்வைத் தின்றுகொண்டிருக்கும். இருபது வயதில், முதல் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போதோ ஏழாம் மாதத்தில் இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காரும்போதோ அது வெளியே வரும். சுருங்கிய வால்வு திறந்து மூடுவதை, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை நேரலையாகக் காட்டும். வால்வின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் சொல்லும். சாதாரண நெஞ்சு சிடி இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுக்கப்படுவதில்லை. துடிக்கும் இதயத்தின் மங்கலான நிழலில், இடது மேலறை பெரிதாகியிருப்பது தெரியலாம். வால்வில் எவ்வளவு அடைப்பு என்பது தெரியாது.

சரி, கர்ப்பிணிக்கு எடுத்த எடுப்பில் சிடியா? எக்கோவில் கதிர்வீச்சே இல்லை. அழுத்தம் கடுமையாக ஏறிய நிலையில் பிரசவம் தாயின் உயிரையே வாங்கக்கூடியது என்பதால், இவர்களுக்குக் காலம் தாழ்த்தாமல் விடை வேண்டும். கருவுக்குக் கெடுதல் செய்யாத வழியில் வேண்டும். சிடி முதல், சிடியே முடிவு என்ற வாதம் இந்தப் பெண்ணிடம் வந்து தலைகுனிகிறது.

5. அறுத்து எடுத்துக் குணமாக்கக்கூடிய வகையை சிடி தவறவிடலாம்.

நான்காம் வகை எண்ணிக்கையில் சிறியது. புரோ-கேரளா பதிவேட்டில் மூன்று சதவீத அளவில்தான் வருகிறது. ஆனால் தமனிச் சுவரில் ஒட்டி இறுகிய பழைய கட்டிகளை அறுவைச் சிகிச்சையால் உரித்தெடுத்து, நோயாளியை ஏறக்குறைய பழைய நிலைக்கே கொண்டுவர முடிகிற வகை இது. 2007-ல் லண்டன் மருத்துவர்கள் 227 நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் அணு மருத்துவ ஸ்கேன் இந்த வகையில் நூற்றுக்கு 96 பேரையாவது பிடித்தது. சாய மருந்து ஏற்றி எடுத்த சிடி பிடித்தது 51 பேரை. அதற்குப் பிறகு சிடி கருவிகள் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன, தேர்ந்த கண்கள் படித்தால் இன்றைய சிடி நன்றாகவே பிடிக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தேர்ந்த கண்கள் ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் இரவு பகலாக உட்கார்ந்திருக்கின்றன என்று யாரும் சொல்ல முடியாது. சாயம் ஏற்றாத சிடியாக இருந்தால் கட்டியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 'சிடியில் கட்டி இல்லை' என்று சொல்லும் பலர், தாங்கள் எடுத்தது எந்த சிடி என்றே பார்ப்பதில்லை.

6. தவறான பெயருக்குத் தவறான மாத்திரை.

"சந்தேகம் இருந்தால் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" இந்த வாதத்துக்கு மரணங்கள் பதில் சொல்லியிருக்கின்றன. முதல் வகைக்கு உயிர்காக்கும் மருந்துகள் மற்ற வகைகளில் கெடுதலாகலாம். நுரையீரல் தழும்பேறும் நோயால் அழுத்தம் கூடியவர்களுக்கு ரியோசிகுவாட் கொடுத்த பன்னாட்டுச் சோதனை, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பும் பாதிப்பும் கூடியதால் 2016-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வால்வைச் சரிசெய்த பிறகும் அழுத்தம் குறையாத 200 பேரிடம் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்த ஸ்பெயின் ஆய்வில், மருந்து எடுத்தவர்கள் நிலை வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமானது. சுருங்கிய மைட்ரல் வால்வைக் கவனிக்காமல் நுரையீரல் தமனியை மட்டும் விரியவைத்தால், கூடுதலாகப் பாயும் ரத்தம் போக வழியின்றி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 31 மி.மீ. என்ற ஒற்றை எண்ணை நம்பி எழுதிய சீட்டு நோயாளியை ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் விடலாம்.

7. கதிர்வீச்சைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. ஒரு நெஞ்சு சிடி கொல்லாது. ஆனால் 'எதற்கும் ஒன்று எடுத்துவிடுவோம்' என்ற பழக்கத்தை நாடு 2021-ல் பார்த்தது. கொரோனா இரண்டாம் அலையில் 'சிடி ஸ்கோர் எவ்வளவு?' என்பது நலம் விசாரிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தவர்களும் ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த மே மாதத்தில் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு சிடி 300, 400 எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். கதிரியக்க மருத்துவர் சங்கம் அந்தக் கணக்கை மறுத்தது. கணக்கில் யார் சரியாக இருந்தாலும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சொல்லிவிட்ட விஷயத்துக்கு மக்கள் ஸ்கேனைத் தேடி ஓடினார்கள் என்பது மறுக்க முடியாதது. மூச்சிரைப்பு விஷயத்தில் நடப்பதும் அதே ஓட்டம்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. "அணு மருத்துவ ஸ்கேன் பெருநகரங்களில்தான் கிடைக்கிறது. கதீட்டர் செலுத்தும் கேத் லேப் எல்லா ஊரிலும் இல்லை. இருப்பது சிடிதான், இருப்பதை வைத்துத்தானே பார்க்க முடியும்?" இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. மீன்சுருட்டியிலிருந்து புறப்படும் நோயாளிக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. ஆனால் இருப்பது சிடி மட்டும்தானா? எக்கோ கருவி சிடி கருவியின் விலையில் ஒரு துண்டு; தள்ளுவண்டியில் வைத்து வார்டுக்கு வார்டு கொண்டுபோகலாம். வலது பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அது அளக்கிறது. வேகம் நொடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம், 3.4-ஐத் தாண்டினால் நோய் இருக்கப் பெரும் வாய்ப்பு என்று ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல் தெளிவாக வகுத்திருக்கிறது. எக்கோவும் மதிப்பீடுதான், எடுப்பவர் கையைப் பொறுத்து மாறும், கசிவே இல்லாதவரிடம் இந்தக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் அது அழுத்தத்தை ஒட்டிய ஒன்றை அளக்கிறது; வால்வையும் காட்டுகிறது. இன்னும் கீழே இறங்கினால் ஈசிஜி இருக்கிறது. அதற்கும் கீழே ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. நுரையீரல் வால்வு மூடும் ஒலி உரத்துக் கேட்பதைப் பிடிக்க மின்சாரம்கூடத் தேவையில்லை. எல்லோரையும் கேத் லேபுக்கு இழுத்துப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வால்வு சுருங்கியது எக்கோவிலேயே பளிச்சென்று தெரிந்துவிட்டால், பலருக்கு வழியும் அங்கேயே தெரிந்துவிடும்.

சிடியின் உண்மையான இடம் அதற்குப் பிறகு வருகிறது. அழுத்தம் கூடியிருக்கிறது என்று எக்கோ சொன்ன பிறகு 'ஏன்?' என்று கேட்கும் இடம் அது. நுரையீரல் தழும்பேறியிருக்கிறதா, காற்றுப்பைகள் சிதைந்திருக்கின்றனவா, பெரிய தமனியில் கட்டி இருக்கிறதா, மருந்து கொடுத்தால் ஆபத்தாகும் அபூர்வமான சிரை அடைப்பு வகையா என்பதற்கெல்லாம் சிடிக்கு நிகர் இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த சிடியில் தமனி அகன்று தெரிந்தால், அதைக் குறிப்பிட்டு 'எக்கோ பார்க்கவும்' என்று எழுதுகிற கதிரியக்க மருத்துவர் பெரிய உதவி செய்கிறார். மேலே சொன்ன ஐரோப்பிய வழிகாட்டுதலும் தமனி அகலம், வலது கீழறைச் சுவரின் தடிப்பு, இடைச்சுவர் வளைவு ஆகியவற்றைச் சந்தேகம் எழுப்பும் தடயங்களாகத்தான் ஏற்கிறது. நோயை உறுதிசெய்யும் உரிமையை அவற்றுக்குக் கொடுக்கவில்லை.

அரசு செய்யக்கூடியதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினோரு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்தப் பணியாளரின் கேள்வித்தாளில் "குடம் தூக்கினால், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா? மயக்கம் வருகிறதா?" என்ற மூன்றைச் சேர்க்கலாம். 'ஆம்' என்றவருக்கு வட்டார அளவில் மாதம் ஒரு நாள் எக்கோ முகாம் நடத்தலாம். புதிய சிடி கருவிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே இல்லை. கதிரியக்க மருத்துவர்கள் தங்கள் அறிக்கையில் 'இந்த சிடியை வைத்து நுரையீரல் அழுத்தத்தைச் சொல்ல இயலாது' என்று ஒரு வரி சேர்க்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்பு நீடித்து, சிடியில் 'ஒன்றுமில்லை' என்று வந்திருந்தால், அந்த உறையை பீரோ மேலிருந்து இறக்கி அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சாயம் ஏற்றி எடுத்த சிடியா என்று கேளுங்கள். அடுப்புப் புகையைப் பற்றியும், சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலைப் பற்றியும், எப்போதாவது காலில் ரத்தம் கட்டியிருந்தால் அதைப் பற்றியும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எக்கோ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால், பரிசோதனை இன்னும் முடியவில்லை.